ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு அளவு டயர் மாட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைக் கண்டறிதல்

பழைய டயர் தேய்ந்து அதே அளவு கிடைக்காமல் போனதாலோ, இன்னும் அகலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதாலோ வேறு அளவு டயரை மாட்டிக்கொண்டவர்கள், சில நாட்களிலேயே ஏறக்குறைய ஒரே மாதிரியான குறைகளோடு திரும்பி வருகிறார்கள். திருப்பத்தில் உரசுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது. இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் கண்டது, பெரும்பாலான குறைகளுக்கு டயரின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற எண்களை அதற்கேற்ப வளைத்ததே காரணம் என்பதுதான். வெளிவிட்டம் முதலில், ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பூட்டப்படும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம், மி.மீ.-இல்) அடுத்து, சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடைக்கான எண்) அதன் பின், டிரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர்ப் பகுதி) அகலம் கடைசியில் என்ற வரிசையில் தேர்ந்தெடுத்தவர்கள் அரிதாகவே திரும்பி வருகிறார்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு தாளில் சில எண்களை எழுதிக்கொள்ளவும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முன், பின் டயர்களின் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். இப்போது மாட்டியுள்ள டயரின் பக்கச் சுவரில் அளவும், அதையடுத்து சுமைக் குறியீடும் வேக எழுத்தும் இருக்கும். ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில், ஆரங்களின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

வெளிவிட்டத்தைக் கணக்கிடுவது எளிது. 225/45 ஆர் 17 என்றால் டயரின் அகலம் 225 மி.மீ., ரிம்மின் விட்டம் 17 அங்குலம்; அந்த 225 மி.மீ.-இல் 45 சதவீதம், அதாவது 101.25 மி.மீ., பக்கச் சுவரின் உயரம். அதை இரட்டித்து, 17 அங்குலத்துக்கு உரிய 431.8 மி.மீ.-ஐக் கூட்டினால் 634.3 மி.மீ. வரும். கீழே வரும் பல சோதனைகளுக்கு இந்த அளவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: டயர் எங்கோ உரசுகிறது

உரசல் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் காற்றழுத்தத்தைப் பார்த்து, கதவுத் தூணில் உள்ள அளவுக்குக் கொண்டுவரவும். அழுத்தம் குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்கி உரசும். அடுத்து, டயர் மாற்றும்போது கழற்றிய மட்கார்டின் உள் பிளாஸ்டிக் தகடு சரியாகப் பூட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒரே ஒரு கிளிப் விட்டுப்போனதால் தகடு தொங்கி டயரைத் தொட்டதை, அளவுத் தவறு என்று எண்ணிப் புது டயரைக் கழற்றிவிடத் தயாராக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் உரசினால்

வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து வைத்துவிட்டு, டயருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உரசிய இடம் பளபளப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். சுற்றியுள்ள இடத்தில் தூசி அப்படியே படிந்திருக்கும். பிளாஸ்டிக் தகட்டில் மட்டும் தடம் இருந்தால், டயரின் விட்டம் கூடிவிட்டது அல்லது டயர் வெளியே தள்ளி நிற்கிறது என்று பொருள். சஸ்பென்ஷன் கையிலோ ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) குழாயிலோ தடம் இருந்தால் டயர் உள்ளே அதிகமாக வந்துவிட்டது. இரண்டாவது நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பக்கச் சுவரின் உட்புறம் அறுபடுவது வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தாளிலேயே காணலாம். 7.5 அங்குல ரிம், ஆஃப்செட் 45, டயர் 225/45 ஆர் 17 என்ற நிலையிலிருந்து, 8.5 அங்குல ரிம், ஆஃப்செட் 35, டயர் 245/40 ஆர் 18 என்ற நிலைக்கு மாறியதாகக் கொள்வோம். ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்ததால் சக்கரத்தின் நடுக்கோடு அவ்வளவு வெளியே வந்தது. டயரின் பாதி அகலமும் 10 மி.மீ. கூடியது. ஆகவே உள் ஓரம் பழைய இடத்திலேயே நிற்க, வெளி ஓரம் 20 மி.மீ. வெளியே வந்துவிட்டது. அதே புது ரிம்மை ஆஃப்செட் 45-லேயே வாங்கியிருந்தால் உள்ளே 10, வெளியே 10 என்று பிரிந்திருக்கும். எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளுவதற்கே ஆஃப்செட் இருக்கிறது. டயரை மாற்றும் முன் இதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

மேடு பள்ளத்தில் அல்லது ஆள் ஏறினால் மட்டும் உரசினால்

இது நிறுத்திய வண்டியில் தெரியாது. குழந்தைகள் விளையாடும் களிமண் போன்ற மென்மையான பொருளை விரல் தடிமனுக்கு உருட்டி, மட்கார்டின் உள் விளிம்பில் மேலே நடுவிலும் இரு பக்கமும் ஒட்டிவிட்டு, உரசல் வழக்கமாக வரும் பாதையில் மெதுவாக ஒரு முறை ஓட்டி வாருங்கள். எங்கே நசுங்கியது, எவ்வளவு மிச்சம் உள்ளது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும். மிச்சம் 5 மி.மீ.-க்கும் குறைவாக இருந்தால், இன்று உரசாவிட்டாலும் முழுச் சுமையில் உரசும் என்றே கொள்ளலாம்.

மேலே சொன்ன அதே மாற்றத்தைச் செய்த ஒரு இரண்டு இருக்கை வண்டி என்னிடம் வந்தது. தனியாக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, எரிபொருள் நிறைந்து, இடப்பக்கம் வளைந்துகொண்டே ஒரு மேட்டில் ஏறினால் மட்டும் வலது பின் சக்கரத்திலிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம். சக்கரத்தைக் கழற்றியபோது மட்கார்டின் உள் மடிப்பில் கட்டை விரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் உரிந்து இரும்பு மின்னியது. டயரின் தோளில் அதற்கு நேராக மெல்லிய வெட்டுக் கோடு ஒன்று சுற்றிலும் ஓடியது. 245/40 ஆர் 18-இன் வெளிவிட்டம் 653.2 மி.மீ., பழையதைவிட ஏறக்குறைய 3 சதவீதம் அதிகம். அதே ரிம்மில் 235/40 ஆர் 18 மாட்டியதும் விட்டம் 645.2 ஆனது. அரைவிட்டத்தில் 4 மி.மீ., வெளி ஓரத்தில் 5 மி.மீ. இறங்கியது. அதற்குப் பிறகு அதே மேட்டில் இருவர் அமர்ந்து ஓட்டியும் களிமண் நசுங்கவில்லை.

நேராகச் செல்லும்போதும் உரசினால்

அளவு தவறு, அல்லது முறிந்த ஸ்பிரிங், அல்லது வளைந்த சஸ்பென்ஷன் உறுப்பு. மேற்கொண்டு ஓட்டாமல் சஸ்பென்ஷன் பார்க்கும் பட்டறைக்கு இழுத்துச் செல்லவும். மட்கார்டின் உள் மடிப்பை உருளையால் மடக்குவது, சேம்பர் கோணத்தை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) மாற்றுவது ஆகிய வேலைகளையும் தொழில்முறையாளரிடமே விட வேண்டும். மடிப்பைச் சூடுபடுத்தாமல் மடக்கினால் பெயிண்ட் வெடித்து அங்கிருந்தே துரு தொடங்கும்.

அறிகுறி: வேகமானி தவறாகக் காட்டுகிறது, அல்லது வண்டியின் இழுவை குறைந்துவிட்டது

இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். வேகமானி அதை அறியாது. விட்டம் 3 சதவீதம் கூடினால், முன்பு சரியாக 100 என்று காட்டிய இடத்தில் உண்மை வேகம் 103 ஆக இருக்கும். ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன் கீழ் அனுமதி பெற்ற வண்டிகளில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதால், ஆலையிலிருந்து வரும்போதே சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே மாற்றத்துக்கு முன்பும் பின்பும் செல்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். சமமான, நேரான சாலையில் வேகத்தை நிலைநிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

இழுவை குறைந்ததாகத் தோன்றினாலும் இதே கணக்குத்தான். விட்டம் 3 சதவீதம் கூடியது, எல்லாக் கியர்களும் அந்த அளவு நீண்டதற்குச் சமம். அதோடு புது ரிம்மும் டயரும் எடை கூடியவையா என்று நிறுத்துப் பாருங்கள். மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியின் நான்காம் தலைமுறையில் 195/50 ஆர் 16, 205/45 ஆர் 17 என இரு அளவுகள் ஆலையிலேயே உண்டு. இரண்டுக்கும் வெளிவிட்டத்தில் 15 மி.மீ. வேறுபாடு இருக்கிறது. அது தயாரித்தவர்களே கணக்கிட்டு அனுமதித்தது. அப்படியொரு அனுமதி இல்லாத வண்டியில் ஒரு சதவீதத்துக்குள் நிற்பதையே நான் பரிந்துரைப்பேன். மேலே சொன்ன 634.3-க்கு 225/40 ஆர் 18 வெறும் 2.9 மி.மீ. மட்டுமே மாறுகிறது.

அறிகுறி: ஏ.பி.எஸ். அல்லது சறுக்கல் தடுப்பு விளக்கு எரிகிறது

ஏ.பி.எஸ். என்பது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. சக்கரங்களின் சுழற்சி வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே இந்த அமைப்புகள் இயங்குகின்றன. முதலில் எளியவை: நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் குளிர்ந்த நிலையில் சரிபார்க்கவும், அழுத்த எச்சரிக்கை அமைப்பை வண்டியின் கையேட்டில் உள்ளபடி மீளமைக்கவும். சென்சாரே இல்லாமல் சுழற்சி வேகத்தைக் கொண்டு அழுத்தத்தை ஊகிக்கும் வண்டிகளில், டயர் மாற்றியதும் மீளமைக்காவிட்டால் விளக்கு எரிவது இயல்பு.

அடுத்து, டயர்களின் அளவு எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் உண்மையில் ஒன்றா என்று அளக்கவும். டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே இடத்தில் கோடு போட்டு, வண்டியை நேராக மூன்று சுற்று உருட்டி, இடைப்பட்ட தூரத்தை அளந்து மூன்றால் வகுக்கவும். வண்டியின் எடையால் டயர் சற்று அமுங்குவதால் 634.3 மி.மீ. விட்டத்துக்குக் கணக்கில் வரும் சுற்றளவான 1,993 மி.மீ.-ஐ விடக் குறைவாகவே வரும். ஆகவே தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல், ஒரு டயரை மற்றொரு டயரோடு ஒப்பிடவும். டிரெட் 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவு 6.3 மி.மீ. குறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். 8 மி.மீ. ஆழமுள்ள புது டயருக்கும் 1.6 மி.மீ.-க்குத் தேய்ந்த அதே டயருக்கும் இடையே சுற்றளவில் 40 மி.மீ. வேறுபாடு வரும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியில் இது விளக்கோடு நின்றுவிடாது. முன்னும் பின்னும் தொடர்ந்து வேறு வேறு வேகத்தில் சுழன்றால், இடையே உள்ள கிளட்சும் டிஃபரன்ஷியலும் (விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் உழைத்துச் சூடேறிப் போகும். இரண்டு டயர்களை மட்டும் மாற்றிச் செலவைச் சுருக்கப் பார்த்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகத்தை இழந்தவர்கள் உண்டு. நிசான் ஜி.டி.-ஆர் (ஆர்35) முன்னே 255/40, பின்னே 285/35, இரண்டும் 20 அங்குலம்; பார்வைக்கு மிகவும் வேறுபட்டவை என்றாலும் விட்டங்கள் 712, 707.5 மி.மீ. என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைக்கப்பட்டுள்ளன. இதற்கு மாறாக போர்ஷே 911 (992) கரேரா எஸ் வண்டியில் முன்னே 245/35 ஆர் 20, பின்னே 305/30 ஆர் 21; பின் சக்கரம் ஏறக்குறைய 37 மி.மீ. பெரியது, அதற்கேற்பவே கட்டுப்பாட்டு அமைப்பும் அமைந்துள்ளது. எனவே முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதியன்று. ஆலை வைத்த விகிதம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே விதி.

இவற்றையெல்லாம் பார்த்த பின்பும் விளக்கு அணையாவிட்டால், சக்கரம் கழற்றும்போது சென்சார் கம்பி இழுபட்டிருக்கலாம் அல்லது ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) பேரிங்கில் உள்ள காந்த வளையம் பழுதாகியிருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம் இது.

அறிகுறி: ஸ்டீயரிங் அல்லது இருக்கை நடுங்குகிறது

ஸ்டீயரிங்கில் நடுக்கம் என்றால் முன் சக்கரம், இருக்கையில் என்றால் பின் சக்கரம் என்று தொடங்குங்கள். காலையில் கிளம்பியதும் நடுங்கி, 15 அல்லது 20 கி.மீ. ஓடியதும் மறைந்துவிட்டால், நீண்ட நேரம் நின்ற இடத்தில் டயர் தட்டையாக அமுங்கியதே காரணம், கவலைப்பட வேண்டாம்.

மறையவில்லை என்றால், ரிம்மில் ஒட்டிய எடைகள் உதிர்ந்துள்ளனவா என்று பாருங்கள்; பசைத் தடம் மட்டும் இருந்தால் பேலன்சிங் மீண்டும் செய்தால் போதும். அடுத்து வெளியே வாங்கிய ரிம் என்றால் அதன் மையத்துளையை அளக்கவும். பல வண்டிகளுக்குப் பொதுவாகச் செய்யப்படும் ரிம்களில் துளை 73.1 மி.மீ. என்றும், வண்டியின் ஹப் 56.1 மி.மீ. என்றும் இருக்கலாம், இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது. இதோடு சேர்த்து நட்டின் அமர்விடத்தையும் பார்க்க வேண்டும். கூம்பு வடிவ நட்டுக்கான ரிம்மில் உருண்டை நட்டைப் போட்டிருந்தால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்தச் சக்கரம் ஓடும்போதே கழன்றுவிடக்கூடும். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடியும் சரிபார்க்கவும்.

ரிம் வளைந்திருப்பதும், டயரின் உள்கட்டு ஒரு பக்கம் கடினமாக இருப்பதும் கடைசி சாத்தியங்கள். சுமை கொடுத்துச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடையில்தான் இரண்டாவது பிடிபடும்.

அறிகுறி: கையாளுமை மாறிவிட்டது

புது டயரின் மேற்பரப்பில் அச்சுக்குப் பூசிய எண்ணெய்ப்பசை எஞ்சியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிடிப்பு குறைவாக இருப்பது இயல்பு. அதுவரை எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம். அதன் பின்பும் குறை இருந்தால், சுழல் திசை அம்பு சரியான பக்கம் நோக்குகிறதா, வெளிப்புறம் என்று குறித்த பக்கம் வெளியே இருக்கிறதா என்று நான்கையும் சுற்றி வந்து பாருங்கள். தயாரிப்புத் தேதியையும் படியுங்கள்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறேழு ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரும் புதிதாகவே பளபளக்கும்.

சாலையில் உள்ள நீளத் தடங்களை வண்டி பின்தொடர்ந்து இழுத்தால் முன் டயர் மிக அகலமாக இருக்கலாம் அல்லது ஆஃப்செட் குறைந்து சக்கரம் வெளியே தள்ளியிருக்கலாம். முதலில் அழுத்தம், பிறகு வீல் அலைன்மெண்ட், அதிலும் தீராவிட்டால் ரிம் என்று போகவும்.

திருப்பத்தில் முன்பக்கம் வழுக்கி வெளியே ஓடினால், பின் டயரை மட்டும் அகலப்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பின்பக்கம் திடீரென்று விலகினால் அது பெரிய ஆபத்து. பின் டயர் அகலமாக வந்த வண்டியில் நான்குக்கும் ஒரே அகலத்தைப் போட்டவர்களுக்கு இது நேர்கிறது. அந்த அகலம் பின்பக்கத்தை அடக்கி வைக்கவே கொடுக்கப்பட்டது. இந்நிலையில் பொதுச் சாலையில் சோதித்துப் பார்க்காமல் ஆலையின் அளவுக்குத் திரும்புங்கள். மழையில் மட்டும் வண்டி மிதப்பதுபோல் இருந்தால், டயர் அகலமானதும் டிரெட் ஆழம் குறைந்ததும் சேர்ந்துதான் காரணம். சட்ட எல்லை பல நாடுகளில் 1.6 மி.மீ. என்றாலும், அகலமான டயரை 3 மி.மீ.-இலேயே நான் மாற்றச் சொல்வேன்.

அறிகுறி: சீரற்ற தேய்மானம்

நடுவில் மட்டும் தேய்ந்தால் அழுத்தம் அதிகம், அல்லது ரிம்முக்கு டயர் மிக அகலம். இரு ஓரமும் தேய்ந்தால் அழுத்தம் குறைவு. உள் ஓரம் மட்டும் என்றால் சேம்பரும் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்கப்பட வேண்டும். உள்ளங்கையை டிரெட்டின் மேல் குறுக்கே இரு திசையிலும் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் உறுத்தினால் டோ தவறு. வீல் அலைன்மெண்ட் நிலையமே இதற்குத் தீர்வு.

அறிகுறி: சவாரி கடினம், பக்கச் சுவரில் புடைப்பு

225/45 ஆர் 17-இல் பக்கச் சுவர் 101 மி.மீ.; 225/35 ஆர் 19-இல் 79 மி.மீ. மட்டுமே. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர்தான். சவாரியை மென்மையாக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம். குறைந்த பக்கச் சுவருள்ள டயர் அழுத்தத்தை நம்பியே நிற்கிறது. எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்குக் கட்டியது) என்று குறித்த டயர், ஐரோப்பிய முறைப்படி, தன் முழுச் சுமையைச் சுமக்க 42 பி.எஸ்.ஐ. தேவை, சாதாரண டயருக்கு 36. ஆகவே எக்ஸ்எல்-க்கு மாறினால் பழைய அழுத்தத்தைவிடச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கலாம். தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, உடனே மாற்ற வேண்டும்.

அறிகுறி: உரிய அளவு கிடைக்கவே இல்லை

கையேட்டில் மாற்று அளவு ஏதேனும் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதையே தேர்ந்தெடுக்கவும். அதே வண்டியின் வேறொரு வகையில் வந்த அளவும் நல்ல தொடக்கம். அதுவும் இல்லாதபோது, விட்டத்தை ஒரு சதவீதத்துக்குள் வைத்து, உங்கள் ரிம்மின் அகலம் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்டதா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்கவும். 225/45 ஆர் 17-க்கு அது 7 முதல் 8.5 அங்குலம், 255/35 ஆர் 18-க்கு 8.5 முதல் 10. சுமைக் குறியீடு ஒருபோதும் குறையக் கூடாது: 91 என்றால் 615 கிலோ, 94 என்றால் 670. வேக எழுத்தும் அப்படியே. 'வி' 240, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300 கி.மீ. வேகத்துக்கானவை. போர்ஷே வண்டிகளுக்கு 'என்' எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியுள்ள டயர்களைத் தயாரிப்பாளர் அங்கீகரித்திருக்கிறார். அந்தக் குறி கிடைக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம்.

தாளில் எல்லாம் பொருந்தினாலும் நான்கையும் ஒரே மூச்சில் மாட்டிவிடாதீர்கள். ஒரு டயரை மட்டும் ரிம்மில் ஏற்றி, முன் சக்கரமாகப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே பின்னே மாட்டி, களிமண் உருளையோடு மெதுவாக ஒரு மேட்டில் ஏற்றி இறக்கவும். முன்னும் பின்னும் வேறு அளவு உள்ள வண்டியில் இரண்டு அளவுகளிலும் ஒவ்வொன்றை இப்படிச் சோதித்த பிறகே மீதியை ஏற்றச் சொல்லுங்கள்.